காற்று பார்க்கும் துணி

“போறேன்” என்றுதான் சொன்னார். வடிவுக்கு அதில் சந்தேகமே இல்லை. ஹெல்மெட் வாரைத் தாடைக்குக் கீழே மாட்டிக்கொண்டு, வலது காலைப் பெடலில் வைத்து, ஜவுளிக்கடையில் புடவையை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து விரித்துப் பார்க்கிறவர்களைப்போல அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “போறேன்” என்றார், அழுத்தினார், சைக்கிள் சரளைக்கல்லில் நெறுநெறுவென்று போயிற்று. அந்த நெறுநெறுப்பில் ஏதாவது அமுங்கிப் போயிருக்குமோ. “போயிட்டு” என்று ஆரம்பித்து “வாரேன்” என்று முடித்திருப்பாரோ, கல் சத்தம் நடுவில் விழுந்திருக்குமோ. இல்லை. சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்ட பிறகுதான் சைக்கிள் நகர்ந்தது, அவள் பார்த்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து சிவசைலம் அப்படிச் சொல்லி அவள் கேட்டதில்லை. தெருமுனைத் தபால்பெட்டிவரை போனாலும் “வாரேன்”. குப்பைத்தொட்டியை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போனாலும் “வாரேன் வடிவு”. மங்கை சின்னவளாக இருந்தபோது வாசலில் நின்று சிரிப்பாள், “அப்பா போறாங்க, ஆனா வாரேன்னு பொய் சொல்றாங்க.” அவர் திரும்பி நின்று, ஹூஸ்டன் வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, “போறேன்னு சொன்னா போயே போயிருவாங்க ஏளா” என்பார். பாளையங்கோட்டையிலிருந்து அவர் கொண்டுவந்ததில் தேயாமல் மிஞ்சியது அந்த ஒரு சொல்தான். அதைச் சொல்லாமல் அவர் எழுந்து வருகிற இடம் ஒன்றே ஒன்று உண்டு. இழவு வீடு. அங்கே யாரும் யாரிடமும் சொல்லிக்கொள்வதில்லை, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு நடந்துவிட வேண்டியதுதான். ஆனால் அங்கேகூட யாரும் போறேன் என்று சொல்வதில்லையே. சும்மா வருவார்கள். அப்படியென்றால் இது அதையும் தாண்டிய ஒன்று. வடிவு கூடாரத்துக்கு முன்னால் இருந்த மர மேசையில் உட்கார்ந்து வெள்ளரிக்காயின் தோலைச் சீவினாள். கத்தி வழுக்கியது. வலது முட்டி இன்னும் வீங்கித்தான் இருந்தது. அந்த முட்டி வீங்காமல் இருந்திருந்தால் இன்றைக்கு அவரைத் தனியாக விட்டிருக்க மாட்டாள். அதைத்தான் அவர் எதிர்பார்த்துக்கொண்டிருந்தாரோ, நேற்றைக்கு அந்த மேட்டில் வேண்டுமென்றேதான் அவளை விரட்டினாரோ, “ஏறு ஏறு, நிக்காத, முன்னால போ” என்று.

முன்னால போ. இந்தப் பயணத்தில் அவர் அதிகம் சொன்னது அதைத்தான். இதற்குமுன் எந்த ஊரில் எந்த ரோட்டில் அவர் அவளை முன்னால் விட்டிருக்கிறார்? கோயில் பிரகாரத்தில் முன்னால் போய் மண்டபத்தில் நின்று பொறுமையில்லாமல் திரும்பிப் பார்ப்பார். விமான நிலையத்தில் பெட்டியை இழுத்துக்கொண்டு கூட்டத்தில் காணாமல் போவார், அவளும் மங்கையும் அவர் வழுக்கையைத் தேடிக்கொண்டு ஓடுவார்கள். அந்த மனிதர் இப்போது இரண்டு சைக்கிள் வாங்கி, வேனுக்குப் பின்னால் இரும்புச் சட்டம் பொருத்தி, கூடாரம் வாங்கி, காஸ் அடுப்பு வாங்கி, ஸ்டேட் பார்க் ஸ்டேட் பார்க்காக அவளைக் கூட்டிக்கொண்டு போகிறார், போகிற இடமெல்லாம் நீ முன்னால போ, நீயே ஓட்டு, நான் பின்னால இருக்கேன். வேனும் அவள்தான் ஓட்டுகிறாள். முதுகு வலியாம். முதுகு வலிக்கிறவர் மெத்தையை விட்டுவிட்டு ஏன் தரையில் படுக்க வருகிறார்? வேலையிலிருந்து ஓய்வு பெற்று வந்த அன்றைக்கு, “இனி இந்தச் சோபாவ விட்டு எந்திரிக்க மாட்டேன், ஆமா” என்று காலை நீட்டினவர். தலையணை கொஞ்சம் கெட்டி குறைந்தாலும் ஹோட்டல்காரனைக் கூப்பிட்டுச் சண்டை போடுகிறவர். திடீரென்று போன மழைக்காலத்தில் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, “வடிவு, எல்லாத்தையும் ஒரு தடவ பாத்துரணும்” என்றார். எல்லாத்தையும்னா? “எல்லாத்தையுந்தான். ஆறு, மலை, மானு.” மான் வீட்டுக்குப் பின்னாலேயே வந்து ரோஜாச் செடியைத் தின்கிறது, அதைக் கல்லால் அடிப்பார். அப்போதே அவளுக்கு ஏதோ உறைத்தது. ஆனால் பருப்புச் சட்டியை இறக்கப் போனாள், விட்டுவிட்டாள். வயசு ஆகிறது, ஆசை வருகிறது என்று நினைத்தாள். ஆசை வந்தவர் ஒரு போட்டோகூட எடுக்கக் காணோம். அதுதான் அவளுக்குப் பிடிபடாதது. ஊதாப்பூ கம்பளம் விரித்ததுபோல ரோட்டோரம் பூத்துக் கிடந்தபோது எல்லோரும் வண்டியை நிறுத்திப் போட்டோ எடுத்தார்கள். இவர் இறங்கி, பூவுக்கு நடுவில் குத்தவைத்து உட்கார்ந்து, சும்மா பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் திரும்பி அவளைப் பார்த்தார். அதே பார்வை. அளவெடுக்கிற பார்வை.

அளவெடுக்கிறார். ஆமாம், அதுதான் சரியான சொல். அவர் ஆயுசு பூராவும் எண்ணெய்க் கம்பெனிகளுக்குக் குழாய் வரைந்தவர். மயிரிழைக் கோடு கோணினால் கண்டுபிடிக்கிற கண். அந்தக் கண் இப்போது அவள்மேல் வைக்கப்பட்டிருக்கிறது. எதற்கு என்று அவளுக்குத் தெரியும். ரசம். பொங்கலுக்கு முன்னால் அந்த ரசச் சட்டி, அடுப்பில் வைத்ததை மறந்து நூலகத்தில் கூட வேலை பார்த்த தோழி வீட்டுக்குப் போய்விட்டாள், திரும்பி வந்தபோது வீடெல்லாம் புகை, சட்டி கரி, புகைமணி அலறிக்கொண்டிருக்கிறது, அவர் முற்றத்தில் நிற்கிறார். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். “பரவால்ல” என்றார். சிவசைலம் பரவாயில்லை என்று சொன்னால் பரவாயிருக்கிறது என்று அர்த்தம். அன்றைக்கு ராத்திரி அவர் மங்கையோடு போனில் மெதுவாகப் பேசினார், கார் நிறுத்துமிடத்தில் நின்றுகொண்டு. அதற்கு அப்புறம் மங்கை கூப்பிடும்போதெல்லாம் ஒரு கேள்வி, ரொம்பச் சாதாரணமாக, காய் நறுக்கிக்கொண்டே கேட்பதுபோல. “அம்மா, இன்னைக்கு வியாழனா வெள்ளியா, எனக்கே மறந்துபோச்சு.” மறந்துபோச்சாம். ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவளுக்குக் கிழமை மறக்குமா? அப்புறம் இவர். போகிற வழியில் பலகை வந்தால் போதும், “என்ன போட்டிருக்கான், படி பாப்போம்.” ஏன், உங்களுக்குக் கண்ணு இல்லையா? “நீ படி.” அவள் படிப்பாள். “அடுத்த பிரிவு எத்தன மைலுன்னு போட்டிருக்கான்?” அதையும் படிப்பாள். பரீட்சை. வாத்தியார் மாணவனைச் சத்தம் போட்டு வாசிக்கச் சொல்வதுபோல. கடைக்குப் போனால் பொருளை அவளிடம் நீட்டி, இது என்ன, இதில் உப்பு எவ்வளவு. மறதி வியாதியா என்று பார்க்கக் கடிகாரம் வரையச் சொல்வார்களாம் டாக்டர்கள், அவள் நூலகத்தில் அந்த மாதிரிப் புத்தகங்களை எத்தனையோ தடவை அடுக்கியிருக்கிறாள், திரும்பி வரும்போது எந்தப் பக்கம் மடங்கியிருக்கிறது என்பதைப் பார்த்தாலே தெரியும் அந்த வீட்டில் யார் யாரைச் சந்தேகப்படுகிறார்கள் என்று. அந்தப் புத்தகம் அவள் வீட்டிலும் மடங்கிக் கிடக்கிறதோ, அவளுக்குத் தெரியாத ஏதோ ஒரு மேசை இழுப்பறையில். அப்படியானால் இந்தப் பயணம் என்ன? கடைசியாக ஒருமுறை அவளுக்கு எல்லாவற்றையும் காட்டிவிட்டு, நல்ல இடமாகப் பார்த்து, மறதிக்காரர்களை விட்டுவைக்கிற அந்த மாதிரி இடம், சுவரில் பூப்படம் மாட்டி, கதவுக்கு உள்பக்கம் கைப்பிடி இல்லாமல். அப்புறம் அவர் சொல்லவேண்டிய சொல் எது? வாரேன் என்று எப்படிச் சொல்வார்? போறேன் என்றுதான் சொல்வார். ஒத்திகை பார்த்திருக்கிறார்.

வெள்ளரிக்காய் கறுக்கத் தொடங்கியிருந்தது, அல்லது நிழல் ஏறியிருந்தது. கருவாலி மரங்களுக்கு அந்தப்பக்கம் வானத்தில் கழுகுகள் வட்டம் போட்டுக்கொண்டிருந்தன, ஒன்றும் செத்திருக்க வேண்டியதில்லை, இந்த ஊர்க் கழுகுகளுக்கு அதுதான் பொழுதுபோக்கு என்று அவரே சொல்லியிருக்கிறார். ஆற்றுப் பக்கம் ஒரு சுற்று, அவ்வளவுதான் தூரம். எப்போதோ வந்திருக்க வேண்டும். வடிவு எழுந்து, முட்டியைத் தேய்த்துவிட்டு, தங்கள் முகாமின் நுழைவில் நட்டிருந்த எண் கம்பத்தைப் பார்த்தாள். அதில் அந்தத் துணி. அதுவும்தான் இருக்கிறதே. மங்கை பரதநாட்டியம் பழகின காலத்து ஆரஞ்சுத் துப்பட்டா, இடுப்பில் இறுக்கிக் கட்டிக் கட்டி நடுவில் சுருக்கம் விழுந்தது. போகிற ஒவ்வொரு பார்க்கிலும் கூடாரம் போடுவதற்கு முன்னாலேயே இவர் அதை எடுத்துப்போய்க் கம்பத்தின் உச்சியில் கட்டிவிடுகிறார். முதல் நாளே கேட்டாள், இது எதுக்கு, சாமியார் மடம்னு நெனச்சுக்கிடப் போறான். “காத்து எந்தப் பக்கம் அடிக்குன்னு பாக்க” என்றார். காற்றைப் பார்த்து இவர் என்ன செய்யப்போகிறார், பாய்மரம் கட்டப்போகிறாரா? அவள் சைக்கிளில் முன்னால் போகும்போது அவளையும் ஓர் ஆரஞ்சுச் சட்டை போடச் சொல்கிறார். கார்க்காரனுக்குத் தெரியணுமாம். காரே வராத பாதையில். துணி அசையாமல் தொங்கியது. யாருக்கு இது அடையாளம்? வருகிறவன் யார்? மங்கை வருகிறாளோ, யாரையாவது கூட்டிக்கொண்டு, டாக்டரையோ, ஒரு நல்ல முகமுள்ள பெண்ணையோ, “அம்மா, இவங்க உன்கூடக் கொஞ்சம் பேசணுமாம்” என்று. அவள் கம்பத்தின் பக்கத்தில் போய் நின்றாள். முடிச்சைத் தொட்டாள். அவர் முடிச்சு, இரட்டைச் சுற்று, குழாய் இணைப்புபோலக் கச்சிதம். அவளையே ஒவ்வொரு நாளும் பரீட்சை வைக்கிறார், அவள் ஒரு பரீட்சை வைத்தால் என்ன? துணி இல்லையென்றால் கேட்பார். கேட்டால் காரணம் வெளியே வரும். கோபப்பட்டால் இன்னும் நல்லது. நகம் வலிக்க வலிக்க முடிச்சை அவிழ்த்து, துப்பட்டாவை நாலாக மடித்து, மேசைப் பெஞ்சில் தனக்கு அடியில் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். மங்கையின் வியர்வை வாசனை இன்னும் இருப்பதுபோல இருந்தது, அதெப்படி இருக்கும், எத்தனை வருஷம்.

“உன் வீட்டுக்காரர் இன்னும் வரலையா, கண்ணு?” என்று பக்கத்து முகாமிலிருந்து லொரெயின் கேட்டாள். பெரிய உடம்பு, புருஷன் செத்த பிறகு இழுவைவண்டி வீட்டை வைத்துக்கொண்டு தனியாகவே ஊர் ஊராகப் போகிறவள், கூட ஒரு கிழட்டு நாய், பிஸ்கட் என்று பெயர். அவள் பேசுகிற இங்கிலீஷில் தெற்கத்தி இழுப்பு இருக்கும், வடிவுக்கு அது பிடிக்கும், நெல்லைக்காரர்கள் இழுப்பதுபோல. வந்துவிடுவார் என்று வடிவு சொன்னாள். “நேற்றைக்கு ரொம்பச் சிரிக்க வைத்துவிட்டார். நீ குளிக்கப் போயிருந்தாய். நேராக வந்து என் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார், அப்புறம் என்னைப் பார்த்துவிட்டுத் துள்ளி எழுந்தார் பார், ஐயோ, முகம் சிவந்துபோச்சு. தமாஷான மனிதர்.” லொரெயின் சிரித்துவிட்டு, மரத்தில் கட்டிய ஆரஞ்சுத் தார்ப்பாயின் கயிற்றை இழுத்துச் சரிசெய்துவிட்டு, நாயைக் கூப்பிட்டுக்கொண்டு கழிப்பறைப் பக்கம் நடந்தாள். அவள் சிவப்பு மேல்சட்டை நாற்காலி முதுகில் தொங்கியது. தமாஷான மனிதரா? வேறு யாரையோ சொல்கிறாள். சிவசைலம் மங்கை கல்யாணத்தில்கூடச் சிரித்ததில்லை, போட்டோக்காரன் கெஞ்சினான். லொரெயினோடு உட்கார்ந்து சிரித்தவர் கூடாரத்துக்கு வந்து அதைப்பற்றி மூச்சு விடவில்லையே. ராத்திரி புளிச்சோறு தின்றுகொண்டே ஆற்றில் தண்ணீர் குறைவு என்று சொன்னார், அணில் கறுப்பாக இருக்கிறது என்று சொன்னார், இதைச் சொல்லவில்லை. எதையெல்லாம் சொல்லவில்லை? அவள் குளிக்கப் போகும் நேரம் அவருக்குத் தெரியும். சீ, என்ன நினைப்பு, லொரெயினுக்கு எழுபது வயசு. அவருக்கும்தான் எழுபது. போன் அடித்தது. மங்கை. இந்தக் காட்டில் சிக்னல் வருவதும் போவதுமாகத்தான் இருக்கும், குரல் உடைந்து உடைந்து வந்தது. “அம்மா, அப்பா எங்க?” சைக்கிளில் போயிருக்காக. “தனியாவா?” என்றாள் மங்கை. அந்தத் தனியாவாவில் என்ன இருந்தது? “அம்மா, யாரு தனியா விட்டது? நீ கூடப் போகலையா? நீ ஏன் போகல?” எனக்கு முட்டி. “அம்மா, அப்பாவைத் தனியா—” அதோடு அறுந்தது. அவள் திருப்பி அடித்தாள், போகவில்லை. கூடாரத்தைச் சுற்றி நடந்து, வேன் மேல் கையைத் தூக்கி, எல்லாத் திசையிலும் போனைக் காட்டினாள். அப்பாவைத் தனியா. அப்பாவைத் தனியா விடாதே, ஏனென்றால் அவர் போய்விடுவார் என்றா? இரண்டு பேருக்கும் நடுவில் ஏதோ ஏற்பாடு, இவர் அதை மீறிவிட்டார், மங்கை பயப்படுகிறாள். குற்றவாளியை விட்ட காவல்காரனைத் திட்டுவதுபோல அல்லவா மகள் திட்டினாள்.

அப்போதுதான் அவர் வந்தார். முகாம்களைக் கோர்த்தபடி ஒரு வட்டச் சாலை போகிறது, ஒருவழிப் பாதை, அதன் இடது வளைவில் அவருடைய நீலச் சட்டை தெரிந்தது. வரட்டும். கேட்கட்டும். அவள் வேனுக்கும் மரத்துக்கும் நடுவில் நின்றுகொண்டாள், கைகளைக் கட்டி, சாம்பல் நிறக் கம்பளிச் சட்டையில், மரத்தோடு மரமாக. அவர் மெதுவாக வந்தார். வியர்த்து, சட்டை நெஞ்சில் ஒட்டியிருந்தது. உதடு அசைந்துகொண்டிருந்தது. யாரோடு பேசுகிறார்? காதில் ஒன்றும் இல்லை. கம்பத்தை நெருங்கினார். பார்வை நேராக, சாலையின் நடுவில், குதிரைக்குக் கண்பட்டை கட்டினதுபோல. இதோ திரும்புவார், இதோ. திரும்பவில்லை. கம்பத்தைத் தாண்டினார், கூடாரத்தைத் தாண்டினார், அவர் கையால் அடித்த முளைகளை, மேசையில் அவருக்காகவே நறுக்கி வைத்த வெள்ளரிக்காயை, மனைவியைத் தாண்டிப் போனார். இரண்டு கை நீட்டினால் தொட்டுவிடும் தூரம். அவள் கூப்பிடவில்லை. “ஏங்க” என்ற சொல் தொண்டைவரை வந்து நின்றது. இத்தனை வருஷம் அந்த ஏங்க ஒரு கொக்கிபோல அவர் சட்டையைப் பிடித்து இழுத்திருக்கிறது, சந்தையில், ஆஸ்பத்திரி வராந்தாவில், ஒருதடவை ரயில் நகர்ந்த பிறகு. இப்போது அதை எறியக் கூடாது என்று ஒரு பிடிவாதம். பார்க்காமலா போனார்? பார்த்துவிட்டுத்தான் போகிறார். தாண்டிப் போவதற்கென்றே வந்திருக்கிறார். நீலச் சட்டை வளைவில் திரும்பி மறைந்தது.

போனார். போறேன் என்றவர் போனார், சொன்னதைச் செய்கிறவர்தானே. சரளைக்கல் சத்தம் தேய்ந்து, ஓணான் ஓடுகிற சத்தம் மட்டும். வடிவு மேசைக்கு வந்து உட்கார்ந்தாள், எழுந்தாள், மோர்க் குடுவையைத் திறந்து மூடினாள். நான் என்ன செய்தேன்? ஒரு சட்டி ரசம்தானே. நாளைக்கு இதை யாரிடம் சொல்வது, என் வீட்டுக்காரர் என்னைத் தாண்டிச் சைக்கிளில் போய்விட்டார் என்று சொன்னால், பாவம், இவளுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று மங்கை சொன்னது சரிதான் என்பார்கள். ஒருவேளை அவர் வரவே இல்லையோ. நீலச் சட்டை போட்ட வேறு ஆளோ. நானாகப் பார்த்தேனோ. அப்படியென்றால் அவர்கள் வைக்கிற பரீட்சை நியாயம்தானோ. அவள் தன் உள்ளங்கையை மேசையில் அழுத்திப் பார்த்தாள், மரத்தின் வெடிப்பு குத்தியது, இது உண்மை. இன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. இது டெக்சஸ். முட்டி வலிக்கிறது. உதடு அசைந்தது உண்மை, அவள் பார்த்தாள், என்ன சொல்லிக்கொண்டிருந்தார், அந்த உதட்டசைவு அவளுக்குத் தெரிந்ததுதான், எங்கே பார்த்தாள்? மங்கை சின்னக் குழந்தையாகக் கடைக்கூட்டத்தில் தொலைந்து கிடைத்தபோது அப்படித்தான் வாயை அசைத்துக்கொண்டு நின்றாள், வீட்டு விலாசத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு. மறந்துவிடக் கூடாதென்று. அந்த எண்ணத்தை அவள் தள்ளிவிட்டாள். அது மறுபடி வந்தது. அவர் நேற்று மோரை டம்ளருக்கு வெளியே ஊற்றினார், ஏன், கவனமில்லை என்று திட்டினாள். உட்காரும் முன்னால் பெஞ்சைத் தடவிப் பார்க்கிறார், தூசி பார்க்கிறார் என்று நினைத்தாள். இடது தோளில் அந்தக் கன்றிப்போன காயம், கதவு இடித்ததாம். வட்டச் சாலைதானே, வட்டம் என்றால் திரும்ப இதே இடத்துக்குத்தான் வரவேண்டும். அவள் சாலை ஓரத்துக்கு நொண்டிக்கொண்டு போய் நின்றாள்.

நீலச் சட்டை மறுபடி இடது வளைவில் தெரிந்தது. இந்தத் தடவை இறங்கிச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். நாலு தப்படிக்கு ஒருமுறை நின்று, ஆந்தை திருப்புவதுபோல முழுத் தலையையும் இந்தப்பக்கம், அப்புறம் அந்தப்பக்கம். வடிவு வாயைத் திறப்பதற்குள் அவர் முகம் சட்டென்று தெளிந்தது, தூரத்திலிருந்து விளக்கைக் கண்டவர்போல, கிட்டத்தட்டச் சிரித்தார். சைக்கிளைத் திருப்பி உறுதியாக உள்ளே நடந்தார். லொரெயின் முகாமுக்குள். ஆரஞ்சுத் தார்ப்பாயை நோக்கி. மரங்களுக்கு அடியில் வெளிச்சம் மங்கியிருந்தது. அவர் சைக்கிளை லொரெயினின் மேசையில் சாய்த்தார், ஹெல்மெட்டைக் கழற்றினார், நாற்காலியின் முதுகில் தொங்கிய சிவப்பு மேல்சட்டைக்கு எதிரில் பெஞ்சைத் தடவி உட்கார்ந்தார்.

“வந்துட்டேன் வடிவு” என்றார் அந்தச் சட்டையிடம். “மோர் இருக்கா?”

சட்டை ஒன்றும் சொல்லவில்லை.

“கோவமா? வாரேன்னு சொல்லாம போனதுக்கா?” தலையைக் குனிந்துகொண்டு ஹெல்மெட் வாரைத் திருகினார். “நீ கவனிச்சிருப்பேன்னு தெரியும். எதத்தான் நீ விடுவ. தனியாப் போயித் திரும்பி வர முடியுமான்னு பாத்துரணும்னுதான் போனேன். வாரேன்னு சொல்லத் தைரியம் வரல ஏளா. வராம போயிட்டா பொய்யாயிரும்லா.” வாரை விட்டுவிட்டு, “பேசு. பேச மாட்டியோ. சரி, திட்டவாவது செய்யி” என்றார்.

வடிவு பக்கத்து முகாமின் ஓரத்தில் நின்றிருந்தாள். அவருக்கு இடதுபக்கம், பத்தடிகூட இருக்காது. வாயைக் கையால் பொத்திக்கொண்டது எப்போது என்று அவளுக்குத் தெரியவில்லை. கையை எடுத்தாள்.

“ஏங்க” என்றாள். “நான் இங்க இருக்கேன்.”

அவர் உடம்பு அப்படியே நின்றது. முதலில் வலதுபக்கம் திரும்பினார், அப்புறம் சிவப்புச் சட்டையை, அப்புறம்தான் இந்தப்பக்கம். முகத்தில் ஒவ்வொன்றாக விழுந்தது, சட்டை, நாற்காலி, தார்ப்பாய்.

“இது யாரு எடம்?”

“லொரெயின் எடம்.”

“மறுபடியுமா?” என்றார். பிறகு மெதுவாக, “நம்ம துணி எங்க?”

“அவுத்துட்டேன்.”

“ஏன்?”

“நீங்க ஏன் கட்டுனிய?”

“காத்து—” என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டார்.

அவள் போய் அவர் முன்னால் பெஞ்சில் உட்கார்ந்தாள். எங்கோ லொரெயின் நாயைக் கூப்பிடும் குரல் கேட்டது. எம்புட்டு நாளா என்று கேட்டாள். போன தீவாளிக்கு முன்னாலிருந்தே என்றார். “பார்வை சுத்தி இருந்து மூடிக்கிட்டே வருது. நேரா இருக்கிறது தெரியும். பக்கத்துல ஒண்ணும் இல்ல, கறுப்புகூட இல்ல, சும்மா இல்ல. ஆயுசு பூரா குழாய் வரைஞ்சேன்லா, இப்ப குழாய்க்குள்ள இருந்து பாக்கேன்.” இந்த வேடிக்கையை அவர் முன்பே யாரிடமோ சொல்லிப் பழகியிருந்தார், அது குரலிலேயே அவளுக்குத் தெரிந்தது.

“மங்கைக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

அது முட்டியைவிட அதிகமாக வலித்தது. அவள் சந்தேகப்பட்டது பொய்யில்லை, கார் நிறுத்துமிடத்தில் மெதுவாகப் பேசியது உண்மை, ஏற்பாடு இருந்தது, ஆள்தான் மாறிவிட்டது. “எனக்கு முன்னாலயே” என்றாள்.

“நீ அழுவ.”

“இப்ப அழுதனா?”

“தெரியல” என்றார் அவர். “கொஞ்சம் நேரா இரி. இங்க. எனக்கு முன்னால.”

அவள் நகர்ந்து நேராக உட்கார்ந்தாள். அவர் பார்த்தார். அதே பார்வை, வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து விரித்துப் பார்க்கிற அந்தப் பார்வை, கண்ணிலிருந்து மூக்குக்கு, மூக்கிலிருந்து வாய்க்கு, ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக்கொள்கிறாற்போல. இதையா அளவெடுக்கிறார் என்று நினைத்திருந்தோம். இவ்வளவு நாளும் இந்தப் பார்வை வரும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டோமே என்று நினைத்தாள். இப்போது திருப்பவில்லை. “அழுத” என்றார் அவர் கடைசியாக.

“முழுசா மூடிருமா?”

“டாக்டர் தெரியலன்னான்.”

அதை அவள் நம்பவில்லை. அவர் சொன்ன வேகம் சரியில்லை. ஆனால் அதை இன்றைக்குக் கேட்கப்போவதில்லை. எழுந்து அவர் கையைத் தன் தோளில் எடுத்து வைத்துக்கொண்டு, மறு கையால் சைக்கிளைத் தள்ளியபடி, அவர்களுடைய கம்பம்வரை அவள் முன்னால் நடந்தாள், நொண்டிக்கொண்டுதான், அவர் பின்னால் வந்தார். மேசைப் பெஞ்சிலிருந்து துப்பட்டாவை எடுத்து உதறி, கம்பத்தின் உச்சியில், அவர் போடுகிற மாதிரியே இரட்டைச் சுற்றாகக் கட்டினாள். முதல் முடிச்சு சரியாக வரவில்லை, அவிழ்த்து மறுபடி கட்டினாள். நாற்காலியை இழுத்து அதற்கு நேர் எதிரில் போட்டு அவரை உட்கார வைத்தாள். மோரை டம்ளரில் ஊற்றி, டம்ளரைக் கையில் கொடுத்து, விரல்கள் மூடும்வரை பிடித்துக்கொண்டிருந்தாள்.

“உப்பு கூட” என்றார்.

“குடிங்க.”

குடத்தில் தண்ணீர் தீர்ந்திருந்தது. குழாய் இருப்பது லொரெயினின் வண்டிக்கு அந்தப்பக்கம், கூப்பிடு தூரம். அவள் குடத்தை எடுத்துக்கொண்டு இரண்டு எட்டு வைத்தவள், திரும்பி வந்து, அவருக்கு நேராக, அவர் கண்ணுக்குள் விழுகிற இடமாகப் பார்த்து நின்றுகொண்டாள்.

“வாரேன்” என்றாள்.

அவர் டம்ளரை இறக்காமலே தலையை ஆட்டினார். “வா” என்றார். “சீக்கிரம் வா.”